டி.ஆர். ஐயாவின் வேகம்

போகியன்று விடியற்காலையில் சென்னையிலிருந்து வண்டி எடுத்துக் கிளம்பியவர்களுக்கு அந்தக் கண் எரிச்சல் தெரியும். மார்கழிப் பனியும் டயர் புகையும் ஒன்றாகக் கலந்து, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியாது. 2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, அப்படித்தான் விடிந்தது. பூந்தமல்லி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நாலரை மணிக்கு எங்கள் பைக் குழுவின் 31 வண்டிகள் சேர்ந்தோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கார்களும் வேன்களும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு மருமகள் பைக்கை எடுத்துக்கொண்டு வேலூர் போவதா என்ற பேச்சு என் வீட்டிலும் இருந்தது. கடைசியில் என் மாமியார்தான், "அவங்கப்பா ஊருக்குத்தானே போறா, போயிட்டு வரட்டும்" என்று அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

அப்பா ஊர் என்றால் வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், கணியம்பாடி தாண்டி, கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில். அங்கே இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர்களைப் பார்க்கத்தான் வருஷத்துக்கு ஒரு முறை இந்த ரைடு.

ஏன் இந்தத் தேதி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கே.எம். கரியப்பா 1949 ஜனவரி 15 அன்று இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அதனால் அந்த நாள் ராணுவ தினம். அவர் ஓய்வு பெற்றது 1953 ஜனவரி 14. அந்த நாளை முன்னாள் படைவீரர்களுக்கான தினமாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறார்கள். நம் பக்கம் அது போகியிலோ பொங்கலிலோ போய் விழுந்துவிடுவதால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. எங்களுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. பொங்கலுக்கு ஊரில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இப்போது சர்வீஸில் இருக்கிற பையன்களில் லீவு கிடைத்தவர்களும் வந்திருப்பார்கள். அப்பனும் மகனும் பேரனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கம் இருக்கிற கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், இல்லை இருந்திருப்பார். சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பச்சை ட்ரங்குப் பெட்டியோ கறுப்பு ட்ரங்குப் பெட்டியோ இல்லாத தெரு இருக்காது. பாலாற்றில் தண்ணீர் கிடையாது, கையளவு நிலம், கிணறு கோடையில் வற்றிவிடும். பத்தாவது முடித்த பையன் கோட்டை பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்க ஆரம்பித்துவிடுவான்.

என் அப்பாவும் அப்படிப் போனவர்தான். நாயக்காகப் பென்ஷன் வந்தார். அவருடைய ட்ரங்குப் பெட்டி இன்றைக்கு என் வீட்டில் இருக்கிறது. கறுப்பு பெயின்ட் அடித்து, மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர். அதில் ஒரு விஷயம் உண்டு. வெயிலில் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தால் 'நாயக்' என்கிற எழுத்துக்கு அடியில் 'சிப்பாய்' என்ற பழைய எழுத்து மேடாகத் தெரியும். புரமோஷன் வந்ததும் அதன்மேல் கறுப்பு அடித்துப் புதிதாக எழுதியிருக்கிறார். எழுதியவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த மூன்று வரிகளையும் சிறுவயதில் விரலால் தடவித் தடவித்தான் நான் ஆங்கில எழுத்தே கற்றுக்கொண்டேன். கடிதங்களில் எழுதுகிற 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்கிற ராணுவத் தபால் முகவரி ஏதோ ஒரு பெரிய ஊர் என்றும், அப்பா அங்கேதான் குடியிருக்கிறார் என்றும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஆறாவது படிக்கும்போது சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் அப்பாவைப் பற்றிப் பேசினேன். தாய்நாட்டைக் காக்கத் தன்னையே கொடுக்கப் புறப்பட்டவர் என்று வாத்தியார் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தேன். லீவில் வந்திருந்த அப்பா பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "நல்லாப் பேசின. ஆனா நான் வயித்துப்பாட்டுக்குத்தான் போனேன் பாப்பா. போன அப்புறம் வேலைய ஒழுங்கா செஞ்சேன். அவ்ளோதான்."

அந்த வார்த்தையின் எடை எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. அவர் 2011-ல் தவறிப் போனார்.

எங்கள் குழு முதன்முதலில் இந்த ஊருக்கு ரைடு போனது 2018 ஜூலை கடைசி ஞாயிறு, கார்கில் வெற்றி நாளை ஒட்டி. ஊர்க்காரி என்ற முறையில் ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. பந்தல், மேடை, மைக் செட், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் பக்காவாகச் செய்தேன். வண்டிக்கு வண்டி கொடி கட்டினோம். பாதிப் பேர் சைலன்சரை மாற்றியிருந்தார்கள். ஊருக்குள் நுழையும்போது ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டார்கள். தெருவே அதிர்ந்தது. பீரங்கிப் படையில் இருந்து வந்த ஒரு தாத்தா, ஏற்கெனவே ஒரு காது போனவர், இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் நின்று என்னவென்று கேட்கவில்லை, மைக் செட் வேலை இருந்தது.

சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. 22 பெரியவர்களை ஒன்பது மணிக்கே வரச் சொல்லி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். பந்தல் நிழல் நகர்ந்துகொண்டே போனது. நகர்ந்த நிழலோடு சேர்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பதினொன்றரை வரைக்கும் இருந்தார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அப்புறம் விருந்தினர் வந்தார், எல்லையில் பனி, இங்கே நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று பேசினார், பொன்னாடை போர்த்தினார், படம் எடுத்தோம், கிளம்பினோம். பேசச் சொல்லி அந்த 22 பேரில் ஒருத்தரிடம்கூட மைக்கைக் கொடுக்கவில்லை.

வண்டியை எடுக்கும்போது ஒல்லியாக, முதுகு வளையாத ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் டெஸ்பாட்ச் ரைடராக, அதாவது பைக்கில் தபால் கொண்டுபோகிறவராக இருந்தவர். ஊரில் டி.ஆர். என்றால்தான் தெரியும். பெயர் கேட்டால் பெட்டிக்கடைக்காரருக்கே யோசிக்க வேண்டியிருக்கும். என் வண்டியின் டேங்க்கை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தபா மேடை எல்லாம் வாணாம்மா. வண்டி ஒண்ணு கூட கொண்டாந்து குடு. நானும் ஓட்றேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் ரைடு மாறிப்போனது. இப்போது எங்களுக்கு மேடை கிடையாது, விருந்தினர் கிடையாது. கம்பெனியில் வருகிற சைலன்சர் இல்லாமல் யாரும் வரக்கூடாது. காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேராகப் போய் உட்காருவோம். மருந்துச் சீட்டைப் பார்ப்போம். பென்ஷனுக்கு வேண்டிய உயிர்வாழ் சான்று போடாதவர்களுக்குப் போட்டுக் கொடுப்போம். காலம் முழுக்க மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்து மிஷின் எடுக்காது. ஒவ்வொரு விரலாக ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்ப்போம். இப்போது முகத்தைப் படம் எடுத்தே போட்டுவிடலாம் என்று வந்த பிறகு பெரிய நிம்மதி. பத்து மணிக்கு மேல் அவர்களோடு சேர்ந்து ரைடு. அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். கொரோனாவில் இரண்டு வருஷம் விட்டுப்போனது, மற்றபடி விடாமல் நடக்கிறது.

சரி, 2024-க்கு வருகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாப்பேட்டை வரைக்கும் ஆறுவழிச் சாலை வேலை அப்போது முடிந்தபாடில்லை. டைவர்ஷன், ஜல்லி, திடீரென்று மாறுகிற லேன். அந்த இடத்தில் ஸ்டாகர்டு ஃபார்மேஷனில், அதாவது இடம் வலமாக மாறி மாறி, போக முடியாது, ஒற்றை வரிசைதான். லீட் ரைடர் இடது கையைத் தூக்கி ஒரு விரல் காட்டினால் அது ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் வந்து கடைசியில் என்னிடம் முடியும். நான்தான் ஸ்வீப், கடைசி வண்டி. யாருக்கு பஞ்சர் ஆனாலும், யார் நின்றாலும், நானும் நிற்க வேண்டும். எனக்குப் பிடித்த இடம் அது. கடைசியில் போகிறவளுக்குத்தான் மொத்த வரிசையும் தெரியும். டோல்கேட்டின் இடது ஓரச் சந்தில் ஒவ்வொரு வண்டியாக நுழைந்து மறுபக்கம் ஒன்று சேரும்போது 31 விளக்கையும் எண்ணி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

வேலூரில் லாங் பஜார் மணிக்கூண்டில் நிறுத்துவது எங்கள் வழக்கம். போகி காலையில் அந்தப் பக்கம் கரும்புக்கட்டும் மஞ்சள் கொத்தும் மண்பானையுமாக வண்டி நுழைய முடியாது. தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போனோம். அந்த மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, காய் வாங்க வருகிறவர்கள் தினமும் கடந்துபோவது. 1914-லிருந்து 18 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். பெயர்கள் கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான். இதே வேலூர்க் கோட்டையில்தான் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பினார்கள். அவர்களுக்கு மக்கான் சந்திப்பில் தூண் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்காகப் போய்ச் செத்த 14 பேருக்கு இந்தக் கல். இரண்டுமே எங்கள் ஜனங்கள்தான். ஒன்றைக் கும்பிட்டு இன்னொன்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. கல்லுக்குக் கீழே கொஞ்சம் சாமந்திப்பூ வைத்துவிட்டு வந்தோம். பூ விற்ற அம்மா காசு வாங்கவில்லை.

ஊருக்குப் போய்ச் சேர எட்டரை. தெருவெல்லாம் சாணி தெளித்து, வெள்ளையடித்த சுவர் ஈரமாக இருந்தது. ஜவ்வாது மலையின் மேல் இன்னும் பனி விலகவில்லை. டி.ஆர். ஐயா தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஷூவுக்குப் பாலீஷ் போட்டிருந்தார். 73 வயது. லைசென்ஸை நாங்கள் கேட்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், போன தடவை கேட்டோம் என்பதற்காக.

அவருக்காக எங்கள் குழுவில் இருக்கிற அம்பத்தூர் மெக்கானிக் தம்பி தன்னுடைய பழைய புல்லட்டைக் கொண்டு வந்திருந்தான். எண்பதுகளில் செய்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். செல்ஃப் கிடையாது, பாயின்ட் இக்னிஷன். எங்கள் பையன்கள் நாலு பேர் மாற்றி மாற்றி உதைத்தும் அது ஒரு இருமல்கூட இருமவில்லை. ஒருவனுக்குக் கணுக்காலில் கிக்கர் திருப்பி அடித்து நொண்டிக்கொண்டு போனான்.

டி.ஆர். ஐயா அவர்களை விலகச் சொன்னார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சாவியைத் திருகிவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்ப் மீட்டரைப் பார்த்தார். சின்ன முள், இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. காலைக் கிக்கரில் வைத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு கதவைச் சத்தமில்லாமல் மூடுகிற மாதிரி அழுத்தினார். முள் அசைந்து நடுவுக்கு வந்தது. அங்கே நிறுத்தினார். இடது கையால் கிளட்ச்சுக்குக் கீழே இருக்கிற, இன்ஜினுக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டார். கிக்கரை மேலே வரவிட்டார். எங்களைப் பார்த்தார். அப்புறம் உடம்பு எடை முழுவதையும் கொடுத்து ஒரே உதை.

வண்டி பிடித்துக்கொண்டது. தட், தட், தட் என்று ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம் போல நின்றது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டார். "டாப்பெட் கொஞ்சம் லூசு" என்றார் மெக்கானிக் தம்பியிடம். அவன் தலையாட்டினான், அவனுக்கும் தெரியும்.

இந்த வண்டிக்கும் அவருக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஐம்பதுகளில் எல்லை ரோந்துக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்று ராணுவம் தேடித்தான் புல்லட் இந்தியாவுக்குள் வந்தது. 1955-ல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு மதராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உண்டாகி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே செய்த வண்டியைத்தான் பஞ்சாபில் இவர் கையில் கொடுத்தார்கள். "இது எங்க ஊரு வண்டிடான்னு சர்தார்ங்க கிட்ட சொல்லுவேன். ரிப்பேர் ஆனா என்னத்தான் கூப்டுவானுங்க, உங்க ஊரு வண்டி படுத்துகிச்சுன்னு."

1971 டிசம்பரில் சண்டை நடந்தது இரண்டு வாரம்கூட இல்லை. 3-ஆம் தேதி ஆரம்பித்து 16-ஆம் தேதி டாக்காவில் சரணடைந்தார்கள். 93,000 பேர் கைதானார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர் இருந்தது மேற்குப் பக்கம், பதான்கோட்டுக்கு அப்பால். வயர்லெஸ்ஸில் சொல்லக் கூடாததைக் கவரில் போட்டு டி.ஆர். கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குக் கறுப்புப் பூசி நடுவில் ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில், டிசம்பர் மாசத்துப் பனியில், கால்வாய்க் கரை மேல் போக வேண்டும். கரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்துக்குக் கீழே மண் மெத்தென்று ஆனால் ஓரத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அதைத் தொடையில் தெரிந்துகொண்டு உள்ளே திருப்புவாராம்.

"கவர்ல என்ன இருந்துச்சுங்க ஐயா?" என்று எங்களில் ஒரு சின்னப் பையன் கேட்டான்.

"எனக்கு இன்னா தெரியும்? பிரிக்கக் கூடாது. போய்க் குடுக்கணும், கையெழுத்து வாங்கணும், டைம் எழுதணும். டைம் எழுதலைன்னா திட்டு விழும்."

பையன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். அவ்வளவுதான். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

பத்து மணிக்குக் கிளம்பினோம். டி.ஆர். ஐயா லீட். அவருக்கு இரண்டு பக்கமும் எங்கள் மார்ஷல்கள். ஓட்டத் தெம்பு இருக்கிற மூன்று பேர் சொந்த வண்டியில், ஒரு எக்ஸ்.எல்., இரண்டு ஸ்ப்ளெண்டர். மற்றவர்கள் எங்கள் பில்லியனில், பின் சீட்டில். 2018-ல் வந்த 22 பேரில் இப்போது 15 பேர்தான். ஊரைச் சுற்றி ஏரிக்கரை, பக்கத்து இரண்டு கிராமம், கண்ணமங்கலம், திரும்ப ஊர். மொத்தம் 26 கிலோமீட்டர். டி.ஆர். ஐயா 35-ஐத் தாண்டமாட்டார். நூறில் போய்ப் பழகிய பையன்களுக்கு 35-ல் ஒரு மணி நேரம் வரிசை கலையாமல் போவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வலிக்கும், இன்ஜின் சூடு தொடையைச் சுடும். ஆனால் அந்த வேகத்தில்தான் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் பேசுவது காதில் விழும். இது யாருடைய கிணறு, இந்தப் புளியமரத்தடியில் யார் யாரெல்லாம் ஒன்றாக ஓட்டப் பயிற்சி எடுத்தார்கள், அதில் யார் திரும்பவில்லை. மேஜர் சரவணனையும் மேஜர் முகுந்த் வரதராஜனையும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். சாகாமல் திரும்பி வந்து, நாற்பது வருஷமாக மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதலாம் என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். அவர் 1987-ல் இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலில் சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. இவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் சோதனைச் சாவடியில் இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். "அங்க என்கிட்ட அழுதவங்க எல்லாம் நம்ம பாஷைலதான் அழுதாங்க" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அங்கே ஜனங்கள் பட்டது என்னவென்று நமக்குத் தெரியும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு இவருக்கு மாலை போட முடியாது. இவரும் மாலை கேட்கவில்லை. கைதட்டுகிற எந்தக் கூட்டத்துக்கும் வராதவர், இந்த ரைடுக்கு மட்டும் வருகிறார். வரிசையின் நடுவில் ஒரு வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு, பேசாமல் வந்து, பேசாமல் இறங்குகிறார். போகும்போது ஓட்டி வந்த பையனின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போவார்.

நான் வழக்கம்போலக் கடைசி வண்டி. என் பின்னால் எதிர்வீட்டுப் பெரியம்மா. பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து பென்ஷன் வந்து, அப்புறம் சில வருஷத்தில் நெஞ்சு வலியில் போய்விட்டார். போரில் சாகாததால் அவரை யாரும் தியாகி என்று சொல்வதில்லை, பெரியம்மாவை வீர மங்கை என்று கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் எங்கள் ரைடில் பெண்களுக்கு இடம் கிடையாது. காபி போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பார்கள். 2023-ல் அம்மா வயசுக்காரிகளையும் ஏற்றிக்கொள்வோம் என்று நான் சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன். பெரியம்மாவுக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஒரு கல்லின் மேல் ஏற்றி, அங்கிருந்து சீட்டுக்கு மாற்றினோம். ஹெல்மெட்டை மாட்டியதும் கொண்டை இடித்தது. கொண்டையைப் பிரித்து ஜடையாகப் போட்டுக்கொண்டார்.

ஏரிக்கரையில் போகும்போது என் காதோரம் கணக்குச் சொன்னார்: "பதினேழு வருஷ சர்வீஸ் பாப்பா. வருஷத்துக்கு அறுபது நாள் லீவு. கூட்டிப் பாரு, மூணு வருஷம்கூட முழுசா வரல, நாங்க ஒண்ணா இருந்தது."

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். 1,020 நாள்.

"லீவு முடிஞ்சி போம்போது ஊர் எல்ல வரைக்கும்தான் வருவேன். பொம்பளைங்க அதுக்கு மேல வரக்கூடாதுன்னு மாமியார் சொல்லுவாங்க. ஆம்பளைங்கதான் பொட்டியத் தூக்கிகினு டேஷனுக்குப் போவாங்க. கண்ணமங்கலம் டேஷன்ல ஏறி காட்பாடி போயி, அங்கேர்ந்து பெரிய வண்டி." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டேஷன நான் உள்ள போயிப் பாத்ததே இல்ல" என்றார்.

கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். நான் முன்னால் போய் டி.ஆர். ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கி, மொத்த வரிசையையும் ஸ்டேஷன் பக்கம் திருப்பினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சின்ன ஸ்டேஷன். பெரியம்மாவை இரண்டு பக்கமும் பிடித்துப் பிளாட்பாரத்துக்கு அழைத்துப் போனோம். அவர் காலத்தில் மீட்டர் கேஜ் ஓடிய பாதை. இப்போது அகலப் பாதை, பளபளவென்று தண்டவாளம், வேப்பமர நிழல். ஜடையோடு, கையில் ஹெல்மெட்டோடு நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"காட்பாடி எந்தப் பக்கம்?"

டி.ஆர். ஐயா வடக்கே கை காட்டினார்.

"வண்டி வர்ற வரைக்கும் எங்க நிப்பாங்க?"

"வெயிலா இருந்தா மரத்தடில. ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்துச்சு."

பெரியம்மா மரத்தடிக்கு நடந்து போனார். அங்கே இப்போதும் ஒரு பெஞ்சு இருந்தது. புதியது, கிரானைட் போட்டது. உட்கார்ந்தார். தன் பக்கத்திலும் கால் பக்கத்திலும் பார்த்துவிட்டு, டி.ஆர். ஐயாவிடம் கேட்டார்:

"ட்ரங்குப் பொட்டிய மேல வெச்சிருப்பாரா, கீழ வெச்சிருப்பாரா?"

"கீழதான் மதனி. அதும்மேல ஒரு கால வெச்சிகினு உக்காருவோம். திருட்டுப் பயம்."

பெரியம்மா ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். அதன் மேல் வலது காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வடக்கே பார்த்தார்.